அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது

கேள்வி: அப்பா பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொண்டோம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்பினார்; அப்பா போன பிறகுதான் வந்தார். இதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதினேன். 'டிக்கெட் போட்டுட்டான், வந்துடுவான்' என்று அம்மா கடைசிவரை அப்பாவிடம் பொய் சொல்லிச் சமாளித்ததையும் எழுதினேன். ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள். பலர் அழுதுவிட்டதாகச் சொன்னார்கள். அண்ணன் என்னை பிளாக் செய்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் போய்விட்டார். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, அவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பதிவை நான் ஏன் நீக்க வேண்டும்?

பதில்: உங்கள் அண்ணன் வந்திருக்க வேண்டும். பெற்றவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது பணம் மட்டும் அனுப்பிவிட்டு இருப்பது பிள்ளைக்கு அழகில்லை. ஆனால் எனக்குக் கடிதம் எழுதியிருப்பது நீங்கள். அதனால் கேட்க வேண்டியதை உங்களிடம்தான் கேட்க முடியும்.

'பட்டன் போன்தான்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை உறுத்தியது அந்த வரிதான். அம்மா படிக்க முடியாது என்ற தைரியத்தில்தானே எழுதினீர்கள்? அவர் கையில் ஸ்மார்ட்போன் இருந்திருந்தால் அந்த டிக்கெட் விஷயத்தை எழுதியிருப்பீர்களா?

அந்தப் பொய் உங்களுடையது இல்லை. பெற்ற மகனையும் விட்டுக்கொடுக்காமல், சாகக் கிடக்கும் கணவரின் மனதையும் நோகவிடாமல் ஒரு பெண் தனியாகச் சுமந்தது அது. ஒரே வீட்டில் இருந்ததால் உங்கள் காதில் விழுந்தது. எந்த மகனை அவர் மூடி மறைத்தாரோ, அந்த மகனை ஊரே திட்டுவதற்கு அவருடைய வார்த்தையையே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். 'இப்படியும் ஒரு பிள்ளையா' என்று கீழே எழுதியவர்களுக்கு நீங்கள் ஹார்ட் வேறு போட்டீர்களோ என்னவோ.

உண்மைதான் என்கிறீர்கள். சரி. அதே உண்மையை அண்ணனிடம் நேரில் சொன்னீர்களா? 'அப்பா தினமும் உன்னைக் கேட்டார், நீ வரவில்லை' என்று முகத்தைப் பார்த்து ஒரு தடவை? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. வீட்டுக் கணக்கை வீட்டில் தீர்க்கத் துணிச்சல் இல்லாதபோதுதான் நாம் வெளியாட்களைக் கூட்டுகிறோம். நாள் முழுக்கப் பணிவிடை செய்தவர் நீங்கள். அதற்குச் சாட்சியாக முகம் தெரியாத ஆயிரம் பேர் எதற்கு?

அந்த ஆயிரம் பேர் எப்படி வந்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006-இல் நியூஸ் ஃபீட் வருவதற்கு முன், ஒருவர் எழுதியதைப் பார்க்க அவருடைய பக்கத்துக்குப் போக வேண்டும். இப்போது ஃபேஸ்புக்கே எடுத்து வந்து கண்முன் வைக்கிறது. ஆட்களைப் பேசவைக்கும் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று 2018-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. உங்கள் அண்ணனைத் திட்டி ஒருவர், திட்டியவருக்குப் பதில் சொல்லி இன்னொருவர் என்று கமெண்ட் விழ விழத்தான் பதிவு பரவும். உங்கள் எழுத்து நன்றாகவே இருந்திருக்கலாம். அதை அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு போனதில் சண்டைக்கும் பங்கு உண்டு.

பட்டன் போனை நம்பாதீர்கள். சொந்தக்காரர் யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். அது குழு குழுவாகச் சுற்றும். ஒருநாள் துக்கம் விசாரிக்கிற சாக்கில் வந்து, 'உங்க பொண்ணு எழுதினதைப் பார்த்தீங்களா' என்று உங்கள் அம்மாவிடமே படித்துக் காட்டுவார். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில்கூட இருக்க மாட்டீர்கள்.

இன்றே பதிவை 'ஒன்லி மீ' என்று மாற்றுங்கள். அப்போது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஷேர் செய்தவர்களின் பக்கத்திலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. காப்பி செய்து ஒட்டியதையும் ஸ்கிரீன்ஷாட்டையும் திரும்ப வாங்க வழியில்லை, அதைச் சுமக்கத்தான் வேண்டும். அப்புறம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பதிவையும் வாசித்துக் காட்டுங்கள். வைப்பதா நீக்குவதா என்பதை அவர் சொல்லட்டும். நீக்கச் சொன்னால் வாதாடாதீர்கள்.

அண்ணன் பிளாக் செய்துவிட்டாரே என்கிறீர்கள். ஃபேஸ்புக்கில் பிளாக் செய்தால் ஃபோன் நம்பர் செத்துவிடாது, கூப்பிடலாம். ஆனால் அது இரண்டாவது வேலை. முதலில் அம்மா. வாசிக்கும்போது அந்த டிக்கெட் வரி வந்ததும் தாண்டிப் போய்விடாதீர்கள்.