நிலச்சரிவு, மண்ணரிப்பு ஆராய்ச்சிக்கு எதிர்காலம் இருக்கிறதா?

ஜியாலஜி முதுகலை படிப்பதாகவும், நிலச்சரிவு, மண்ணரிப்பு, ஆற்று வண்டல் என்று நிலத்தின் மேற்பரப்பை ஆராயும் பக்கம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். இப்போது சேருபவர்களுக்குத்தான் நிறைய வேலை காத்திருக்கிறது.

ஒரு மலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை முன்பெல்லாம் பெரும்பாலும் ஊகித்துத்தான் சொன்னார்கள். இன்று ஆற்றிலிருந்து ஒரு பை மணல் போதும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறையில் படும்போது, குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் உள்ள ஆக்சிஜன் அணு உடைந்து பெரிலியம்-10 என்ற அரிய அணு உண்டாகும். பெரும்பாலும் மேலாக ஓரிரு மீட்டருக்குள்தான் இது நடக்கும். மலை மெதுவாகத் தேய்ந்தால் பாறை அந்த மேல் அடுக்கில் நீண்ட காலம் இருக்கும், மணலில் பெரிலியம் அதிகம் சேர்ந்திருக்கும்; வேகமாகத் தேய்ந்தால் குறைவு. மணலைச் சலித்து, அமிலத்தில் கழுவி, குவார்ட்ஸை மட்டும் பிரித்து, அதிலுள்ள பெரிலியத்தைத் துகள்முடுக்கியில் எண்ணுகிறார்கள். மேலே உள்ள மொத்த நீர்ப்பிடிப்புப் பகுதியும் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சராசரியாக என்ன வேகத்தில் அரிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத விஷயம் இது. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான துகள்முடுக்கி மையத்திலேயே இதற்கு வசதி இருக்கிறது.

வானிலிருந்து பார்ப்பதிலும் குறையில்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் ரேடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுக்கும். மேகம் மறைத்தாலும் நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தது அதற்குத் தெரியும்.

ஆனால் அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண்ணும் பாறையும் 8 கிலோமீட்டர் ஓடி முண்டக்கை, சூரல்மலையை அழித்தன. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதே இடத்தில் பழைய சரிவின் தழும்பு முந்தைய செயற்கைக்கோள் படத்திலேயே இருந்தது. எங்கே சரியும் என்பது ஓரளவு தெரிகிறது. எந்த நாளில் என்பதில்தான் திணறுகிறோம். கொட்டும் மழையில் சில மணி நேரத்தில் அவிழும் சரிவை 12 நாள் இடைவெளியில் வரும் படம் பிடிக்காது. மண் அடுக்கு எவ்வளவு தடிமன், அதன் துகள்களுக்கு நடுவே நீரின் அழுத்தம் எவ்வளவு ஏறியது என்பதைச் சரிவிலேயே கருவி பதித்துத்தான் அளக்க வேண்டும். மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக அப்படிச் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளத்துக்கு அது போதவே போதாது.

அதனால் பைத்தான் நிரல்மொழியும், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே மண்ணில் துளையிட்டுக் கருவி பதிக்கவும் பழகுங்கள். ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், நீலகிரியில் ஏற்கெனவே சரிந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையிலும் மழையையும் மண்ணுக்குள் நீரழுத்தத்தையும் மணிக்கணக்கில் பதிவு செய்யுங்கள். முன்னறிவிப்பு மாதிரிகள் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட தரவுதான் அரிதாகக் கிடைக்கிறது.