குக்ரியின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்

வணக்கம் ஐயா,

காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு டையூ போயிருந்தோம். அங்கே, 1971 போரில் மூழ்கிய ஐஎன்எஸ் குக்ரி போர்க்கப்பலின் நினைவிடத்தைப் பார்த்தேன். கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக்குள் அந்தக் கப்பலின் சிறிய மாதிரி. வழிகாட்டி, அதன் தலைவரான கேப்டன் முல்லாவின் கதையை உருக்கமாகச் சொன்னார். தன் லைஃப் ஜாக்கெட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனவர். “மற்றவர்கள்?” என்று கேட்டேன். எல்லோரும் கூடவே போய்விட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஊர் திரும்பியும் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. தப்பிக்க வழியிருந்தும் ஒருவர் உயிரை விட்டதை நாம் கொண்டாடலாமா? உடலே கிடைக்காதவர்களுக்கு வீட்டார் எப்படி அழுது தீர்த்திருப்பார்கள்? நான் பள்ளி ஆசிரியை. கப்பல் மூழ்கிய டிசம்பர் 9 அன்று பிள்ளைகளிடம் இதைப் பேச நினைக்கிறேன். என்ன சொல்லட்டும்?

ஓர் ஆசிரியை, கோவில்பட்டி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வழிகாட்டி செய்ததைத்தான் நாம் எல்லோருமே இத்தனை வருடங்களாகச் செய்துவருகிறோம். குக்ரி என்றால் முல்லா. அவருக்குப் போர்க்கால வீர விருதான மகாவீர் சக்ரா கிடைத்தது, பாடப்புத்தகத்துக்கு ஏற்ற கதையும் அமைந்தது. அன்றிரவு இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். முல்லாவைத் தவிர்த்தால் 193 பேர். நம் நினைவில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

நடந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1971 போரின்போது டையூ பக்கம் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று இருப்பது தெரிந்தது. அதை வேட்டையாட மும்பையிலிருந்து குக்ரியும் இன்னொரு போர்க்கப்பலான கிர்பானும் போயின. தேடப்பட்ட ஹாங்கோர், பிரான்சில் கட்டப்பட்ட புதிய நீர்மூழ்கி. நம் கப்பல்களின் சோனார், அதாவது நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி, கேட்கக்கூடிய தொலைவைவிட அதற்குக் காது நீளம். டிசம்பர் 9, இரவு ஒன்பதை நெருங்கும் நேரம். கிர்பானை நோக்கி வந்த டார்பிடோ என்ற நீருக்கடி ஏவுகுண்டு வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியின் வெடிமருந்துக் கிடங்குக்குக் கீழே வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் இல்லை. மறுநாள் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 67 பேர். சுதந்திரத்துக்குப் பிறகு எதிரியின் தாக்குதலில் நாம் இழந்த ஒரே போர்க்கப்பல் அதுதான்.

குக்ரி நீராவியில் ஓடிய கப்பல். கொதிகலன் அறையும் என்ஜின் அறையும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கடலும் தெரியாது, வானமும் தெரியாது. காதை அடைக்கும் இரைச்சல், உடம்பில் ஒட்டிய வியர்வை, கண்ணுக்கு முன்னால் அழுத்தமானியின் முள். மேலே வர ஓர் ஒடுங்கிய இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. விளக்கு அணைந்து, கப்பல் சாய்ந்து, தண்ணீர் புகுந்தால் அந்த ஏணியில் எத்தனை பேர் ஏற முடியும்? மேல்தளத்தில் இருந்தவர்களுக்காவது குதிக்க ஒரு கடல் இருந்தது.

சரி, உங்கள் முதல் கேள்வி. பிழைத்தவர்கள் சொன்னபடி, முல்லா பக்கத்தில் இருந்தவர்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார், தான் இறங்கவில்லை. கப்பலோடு போவது கேப்டனின் மரபு என்று இதை விளக்கிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. கப்பலுக்குள் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இறங்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் முல்லாவை மதிப்பவர்கள், யாரை விட்டு வர அவர் மறுத்தாரோ அவர்களைத்தான் முதலில் நினைக்கவேண்டும். நாமோ அவரை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு மற்றவர்களை இரண்டாம் தடவையும் மூழ்கவிட்டோம். கோபமாகவே சொல்கிறேன். எதிரியைவிடக் குறைவான தூரம் கேட்கும் கருவியோடு ஏன் அனுப்பினார்கள், ஏன் மெதுவாகப் போனார்கள் என்ற கேள்விகளும் உண்டு. அவற்றைக் கேட்பது இறந்தவர்களுக்கு அவமரியாதை ஆகாது. பதில் கேட்கும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு இருக்கிறது.

துக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சாஸ்திரம் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறது. ஆனால் அந்தப் புல்லுக்குத் தீ வைக்க ஒரு மனைவி எப்போது சம்மதிப்பாள்? ஏதாவது மீன்பிடிப் படகு காப்பாற்றியிருக்கலாம், எதிரி நாட்டுச் சிறையில் இருக்கலாம். கடல் சாவில் ‘ஒருவேளை’ என்ற நினைப்புக்குச் சீக்கிரம் முடிவு வராது. கும்பிட ஒரு சமாதியும் இல்லை. அதனால்தான் கடலில் போனவர்களுக்குப் பெயர் எழுதி வைப்பது மற்றெல்லோரையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாமல் போன இந்தியக் கப்பல்காரர்கள் 6,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் சரக்குக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள். அவர்கள் பெயர்ப் பதிவேடு மும்பையிலும் இருக்கிறது, சிட்டகாங்கிலும் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வங்காளம்தான் சொந்த மண். பேரன் ஒருவன் போய்ப் பக்கத்தைப் புரட்டித் தன் தாத்தாவின் பெயரில் விரல் வைக்கலாம். ஏகாதிபத்தியத்துக்காகச் செத்தவர்கள் என்று அவர்களை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சம்பளத்துக்குக் கப்பல் ஏறிய ஏழைகள்.

அப்புறம், பள்ளியில் என்ன சொல்வது. டிசம்பர் 4 கடற்படை தினம். அதே போரில் நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய வெற்றியை எல்லாப் பள்ளியிலும் சொல்வார்கள். ஐந்து நாள் கழித்து வரும் 9ஆம் தேதியை நீங்கள் எடுத்துக்கொண்டது நல்லது. முல்லாவைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். கரும்பலகையில் 176 என்று எழுதி, ஒரு கப்பலில் என்னென்ன வேலைகள் இருக்கும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். சமையல்காரர், கொதிகலன் பார்ப்பவர், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கடலின் சத்தம் கேட்பவர், சிக்னல் அனுப்புபவர், பெருக்கித் துடைப்பவர். வீரம் என்ற சொல்லைக் கடைசிவரை வெளியே எடுக்காவிட்டாலும் குறைவில்லை.

இன்னொன்றும் சொல்லுங்கள், யாராவது ஆட்சேபித்தாலும் பரவாயில்லை. அதே போரில், டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியது. உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நம் தாக்குதலால் என்று நாமும், உள்ளே ஏற்பட்ட வெடிப்பால் என்று அவர்களும் சொல்கிறோம். எதுவானாலும் அந்த 93 வீடுகளிலும் இதே ‘ஒருவேளை’தான் இருந்திருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரியும். ஆறாம் வகுப்பு என்றால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.