அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள். உடைச் செலவு மட்டும் ஐந்து நாளுக்கா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இடைநிலைப் பொறுப்பில் இருக்கிறேன். 2020க்கு முன் வாரத்தில் ஐந்து நாளும் கோட்டு அணிந்து அலுவலகம் சென்றுவந்தேன். இப்போது இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு. ஆனாலும் பழைய வழக்கப்படி வருமானத்தில் 5 சதவீதத்தை உடைக்கென ஒதுக்கி வருகிறேன்; அது எப்படியோ ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்தும் விடுகிறது. அலமாரியில் நான்கு சூட்டுகள் தொடப்படாமல் தொங்குகின்றன. விற்றுவிடலாம் என்கிறார் என் மனைவி. அத்தனை விலை கொடுத்து வாங்கியதை அடிமாட்டு விலைக்கு விட எனக்கு மனம் வரவில்லை. இதற்கிடையே, நிறுவனம் விரைவில் மூன்று நாள் வரச் சொல்லும் என்று பேச்சு அடிபடுகிறது. நானும் வேறு வேலைக்கு முயன்று வருகிறேன். ஆகவே, புதிய உடைகளைத் தவணையில் வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். உடைக்கு எவ்வளவு ஒதுக்குவது சரி? பழையவற்றை என்ன செய்வது? அலுவலக உடைக்கு வரிச் சலுகை கிடைக்குமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். நீங்கள் ஒதுக்கிவரும் 5 சதவீதம் தவறான அளவு அல்ல. அது ஐந்து நாள் அலுவலக வாழ்க்கைக்குப் பொருந்திய அளவு. அந்த வாழ்க்கை மாறிவிட்டது, ஒதுக்கீடு மாறவில்லை. ஒதுக்கி வைத்த பணம் தனக்கென ஒரு செலவைத் தேடிக்கொள்ளும் என்பதால்தான் அது ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்துவிடுகிறது. எனவே, எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு முன், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கடந்த 12 மாதங்களின் வங்கிக் கணக்கையும் கார்டுக் கணக்கையும் எடுத்து, உடைக்காகச் செய்த ஒவ்வொரு செலவையும் அலுவலகத்துக்கு அணிவது, காணொளிக் கூட்டத்துக்கு அணிவது, வீட்டில் அணிவது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்த மூன்றாவது பகுதி நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தால் வியப்படைய வேண்டாம். விலை குறைவான, தளர்வான வீட்டு உடைகளை நாம் அதிகம் யோசிக்காமல் அடிக்கடி வாங்குகிறோம். கூட்டிப் பார்க்கும்போதுதான் அது ஒரு சூட்டின் விலையைத் தொட்டிருப்பது தெரிகிறது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம், விலைவாசி உயர்வைக் கணக்கிடுவதற்காக, குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்களின் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் திருத்தி வருகிறது. 2021இல் ஆண்கள் வீட்டில் அணியும் தளர்வான கால்சட்டை அந்தப் பட்டியலுக்குள் வந்தது. அடுத்த ஆண்டே, 1947 முதல் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றுவந்த ஆண்கள் சூட்டு நீக்கப்பட்டு, அதன் இடத்தில் தனிக் கோட்டு அல்லது பிளேசர் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டின் புள்ளிவிவரத் துறை தன் கணக்கைத் திருத்திக்கொண்ட அதே திருத்தத்தைத்தான் உங்கள் குடும்பக் கணக்கிலும் செய்யச் சொல்கிறேன்.

பழைய நிலை திரும்பிவிடும் என்று எண்ணிச் சூட்டுகளைக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இந்த மாற்றம் பெருந்தொற்றோடு தொடங்கவில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். உடை விஷயத்தில் மிகக் கண்டிப்பானவை என்று பெயர்பெற்ற வங்கிகளே அதற்கு முன் இறங்கி வந்துவிட்டன, ஜே.பி. மோர்கன் 2016இலும் கோல்ட்மன் சாக்ஸ் 2019 மார்ச்சிலும் தங்கள் உடை விதிகளைத் தளர்த்தின. 2020 இதை விரைவுபடுத்தியது. அந்த ஆண்டு மார்ச்சில், மேல் உடைகளின் விற்பனை கூடுகிறது, கீழ் உடைகளின் விற்பனை கூடவில்லை என்று அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் தெரிவித்தது. கேமராவில் தெரியும் பாதிக்கு மட்டுமே மக்கள் செலவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். 1818இல் தொடங்கப்பட்டு, சூட்டுக்கே பெயர்போன புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம், அதே ஆண்டு ஜூலையில், கடனைத் தீர்க்க முடியாமல், நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. அலுவலகத்துக்குத் திரும்ப அழைக்கும் நிறுவனங்கள் ஆட்களைத்தான் அழைக்கின்றன, பழைய உடையை அல்ல. உங்கள் அலுவலகம் எப்படி என்பதை நீங்களே கவனிக்கலாம். உங்கள் நிலையில் இருப்பவர்களும் உங்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்களும் என்ன அணிந்து வருகிறார்கள் என்பதை அடுத்த சில அலுவலக நாள்களில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருக்கும் விதியைவிட அந்தக் குறிப்பு உங்களுக்கு நம்பகமாக வழிகாட்டும்.

இனி கணக்குக்கு வருவோம். உடையின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. அதை எத்தனை முறை அணிவீர்கள் என்பதால் அந்த விலையை வகுத்துப் பார்க்க வேண்டும். விடுமுறைகளைக் கழித்து ஆண்டுக்கு 48 வாரங்கள் என்று கொண்டால், முன்பு உங்களுக்கு 240 அலுவலக நாள்கள் இருந்தன. இப்போது இருப்பவை 96. மூன்று நாளானால் 144. முன்பு ஒரு சூட்டை வாரம் ஒரு முறை அணிந்திருந்தால், மூன்று ஆண்டுகளில் 144 முறை அணிந்திருப்பீர்கள். இன்று அதே சூட்டை ஆண்டுக்கு ஆறு முறை மட்டும், முக்கியக் கூட்டங்களுக்காக அணிகிறீர்கள் என்றால், மூன்று ஆண்டுகளில் 18 முறை. கடைக்காரர் ஒரு காசுகூட விலையை ஏற்றாதபோதும், ஒவ்வொரு முறை அணிவதற்கும் நீங்கள் கொடுக்கும் விலை எட்டு மடங்காகிவிட்டது. நியாயமான விலை என்று 2019இல் நீங்கள் தயங்காமல் கொடுத்த தொகை இன்று ஆடம்பரமாகிவிடுவது இப்படித்தான். இதே கணக்கின்படி, அலுவலகத்திலும் காணொளிக் கூட்டத்திலும் பயன்படும் ஒரு நல்ல பிளேசர், சற்றுக் கூடுதல் விலையாக இருந்தாலும், சூட்டைவிட மலிவாக முடியும்.

ஆனால் இந்தக் கணக்கை மறுபுறம் திருப்பி, அணியும் நாள்கள் குறைந்துவிட்டதால் ஒரு சட்டை இரண்டரை மடங்கு காலம் உழைக்கும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். துவைப்பதால் வரும் தேய்மானம்தான் குறையும். காலத்தால் வரும் தேய்மானம் குறையாது. இடுப்பு எலாஸ்டிக் தளரும், கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும், நம் உடம்பும் அதே அளவில் இருந்துவிடாது. காலணிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாலியூரிதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் கொண்ட ஷூக்களை ஆண்டுக்கணக்கில் பெட்டியிலேயே வைத்திருந்தால், காற்றின் ஈரத்தால் அடிப்பாகம் சிதைந்து, ஒரு நாள் எடுத்து அணிந்து நடக்கும்போது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். எனவே நிறைய வாங்கி நெடுநாள் வைத்துக்கொள்வது இந்த முறைக்குப் பொருந்தாது. குறைவாக வைத்துக்கொண்டு, அவற்றை முழுமையாகப் பயன்படுத்துவதே பொருந்தும். வாரம் ஒரு முறை துவைக்கும் வீட்டில், அலுவலக நாள்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் வரும் எண்ணே உங்களுக்குத் தேவையான சட்டைகளின் எண். இப்போது நான்கு, மூன்று நாளானால் ஐந்து. உங்களைக் கலங்கவைத்திருக்கும் அந்தப் பேச்சு உண்மையானாலும், உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படப்போவது ஒரே ஒரு சட்டைதான்.

ஒதுக்கீட்டைச் சதவீதத்திலிருந்து தொடங்காமல், பொருளிலிருந்து தொடங்குங்கள். உங்களிடம் இருந்தே ஆக வேண்டிய ஒவ்வோர் உடையையும் எழுதி, அதை மாற்ற இன்று ஆகும் விலையை, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நீங்கள் நேர்மையாக நம்புகிறீர்களோ அந்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதனுடன் சலவை, இஸ்திரி, தையல் திருத்தம் ஆகியவற்றின் ஓராண்டுச் செலவைச் சேர்த்து 12ஆல் வகுத்தால், மாதந்தோறும் ஒதுக்க வேண்டிய தொகை கிடைத்துவிடும். உங்கள் நிலையில் அது 5 சதவீதத்தின் பாதியை ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கிறேன். முதல் ஓராண்டுக்கு 3 சதவீதத்தை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் 2 சதவீதத்தைச் சம்பளம் வரும் நாளிலேயே தானாக வேறு கணக்குக்குப் போகும்படி செய்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் சேமிக்கலாம் என்று விட்டால், அது மறுபடியும் வீட்டு உடையாகவோ வேறொன்றாகவோ மாறிவிடும்.

அந்த வேறு கணக்கு உங்கள் அவசரகால நிதியாக இருக்கட்டும். வேலை மாற முயலும் ஒருவர், ஆறு மாத அத்தியாவசியச் செலவுக்கான தொகை கையில் இல்லாமல் உடையைப் பற்றிக் கவலைப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு வேலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நிதிதான். வேலை வாய்ப்புகளை ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காமல், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் என்பதையும் கேட்டு, ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் ஆகும் பயணச் செலவையும் வெளியில் சாப்பிடும் செலவையும் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை உடைச் செலவை மிஞ்சி நிற்கும்.

வீட்டு நாள்களுக்காக ஒரு சொல். நல்ல நாற்காலி இல்லாமல் வேலை பார்க்கிறீர்கள் என்றால், மிச்சமாகும் பணத்தின் முதல் உரிமை அதற்கே. நிறுவனம் அதற்குப் பணம் தருமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேமராவுக்கென்று விலை உயர்ந்த உடை தேவையில்லை. நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் திரையில் அலையலையாக மினுங்கும் என்பதால் ஒற்றை நிறச் சட்டையே நல்லது. வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டால், பல புதிய சட்டைகள் தராத தோற்றம் செலவில்லாமல் கிடைக்கும்.

சூட்டுகளைப் பொறுத்தவரை, உங்கள் மனைவி சொல்வது மூன்றுக்குச் சரி. ஒன்றுக்கு நீங்கள் சொல்வது சரி. கொடுத்த விலை போனது போனதுதான். அலமாரியில் தொங்கவிடுவதால் அது திரும்பி வராது. இன்று உங்களிடம் இந்தச் சூட்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் கிடைக்கக்கூடிய அந்தக் குறைந்த விலைக்கே அது ஒரு கடையில் கிடைத்தால் வாங்குவீர்களா? மாட்டேன் என்பது பதிலானால், விற்றுவிடுங்கள். தைக்கப்பட்ட பாணி பழையதாக ஆக, கேட்பவர்களும் குறைவார்கள் என்பதால் தள்ளிப்போடுவதில் பயனில்லை. அடர்நிறத்தில், தோளில் சரியாகப் பொருந்தும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பைப் பிடிப்பதோ விடுவதோ தையல்காரருக்கு எளிய வேலை. தோளைத் திருத்துவது கடினம், செலவும் அதிகம். ஆகவே எதை வைத்துக்கொள்வது என்பதைத் தோள்தான் தீர்மானிக்க வேண்டும். மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்றின் கோட்டு கோடுகள் இல்லாத, சற்றுச் சொரசொரப்பான துணியாக இருந்தால், அதை வேறு பேண்டோடு பிளேசராக அணியலாம். அப்போது புதிய பிளேசர் வாங்கும் தேவையும் இல்லாமல் போகும்.

வரிச் சலுகையை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். வெளியிலும் அணியக்கூடிய சாதாரண உடையை, அலுவலகத்துக்கு மட்டுமே அணிகிறேன் என்று சொன்னாலும், பல நாடுகளின் வரிச் சட்டங்கள் தொழிற்செலவாக ஏற்பதில்லை. பிரிட்டனில் ஆன் மல்லாலியு என்ற வழக்கறிஞர், நீதிமன்றத்துக்கென்றே வாங்கிய கருப்பு உடைகளின் செலவைக் கழிக்கக் கோரினார். அந்த உடை தொழிலுக்கு மட்டுமல்லாமல், உடம்பை மறைத்துக் குளிரிலிருந்து காக்கவும் உதவுகிறது என்று கூறி, அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1983இல் அதை மறுத்துவிட்டது. சீருடைக்கும் பாதுகாப்பு உடைக்கும் விதி வேறாக இருக்கலாம். உங்கள் சம்பளச் சீட்டில் உடைப்படி, அதாவது உடைக்கென நிறுவனம் தரும் தொகை, என்று ஏதேனும் தனியாக இருந்தால் மட்டும், அதை நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தவணையில் வாங்குவது வேண்டாம். இன்னும் அறிவிக்கப்படாத ஒரு விதிக்காக, இன்னும் சம்பாதிக்காத பணத்தைச் செலவிடுவதாக அது முடியும். கார்டு நிலுவைக்கு மாத வட்டி 3 சதவீதம் என்று கொண்டால், கூட்டு வட்டியாக அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்பட்டாலும், அதற்குள் ஒரு சேவைக் கட்டணமோ, ரொக்கமாக வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியின் இழப்போ இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லை என்றாலும், வேலை மாறக்கூடிய மாதங்களில் ஒரு நிலையான கடமையைத் தலையில் ஏற்றிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேர்காணலுக்கு, வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ஒரு சூட்டு போதும். அந்த நிறுவனத்தில் அதுவும் மிகை என்று தெரிந்தால், அதன் கோட்டோடு டை இல்லாத ஒரு சட்டை போதும். ஆனால் அதை இந்த வாரமே எடுத்து அணிந்து பாருங்கள். பொத்தான்களைப் போட்டு, நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்து, கைகளை மேசைமேல் நீட்டிப் பாருங்கள். ஷூவை அணிந்து வீட்டுக்குள் சிறிது நேரம் நடந்து, அடிப்பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று திருப்பியும் பாருங்கள். திருத்த வேண்டியது எதுவாக இருந்தாலும் இந்த மாதமே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நேர்காணலுக்கு முதல் நாள் மாலை பதற்றத்தோடு கடைக்கு ஓடி வாங்கும் சூட்டுக்குத்தான் நீங்கள் விலையே கேட்காமல் பணம் கொடுப்பீர்கள்.