பின் ஆக்சிலை முழுசா மாத்தணுமா?

நண்பரே, வண்டி ஓடும்போது பின்னால் ஊளைச் சத்தம், வலது சக்கரத்தில் ஆயில் கசிவு, மெக்கானிக் புது ஆக்சிலே (பின் சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் முழு அச்சு) போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) மூடியைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் அதற்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) மேல் சந்தேகம். வளைவில் மாறினால் பெரும்பாலும் வீல் பேரிங்தான். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டினால் அந்த ஷாஃப்ட், பேரிங், சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மூன்றையும் மாற்றினாலே போதும். ஹவுசிங் பிரீதர் (ஆக்சில் கூட்டின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் புது சீலும் கசியும், அதையும் சுத்தம் செய்யுங்கள்.

ஆயிலில் உலோகத் துண்டுகள் மின்னினால், அப்போது காயலாங்கடையில் முழு ஆக்சிலாகவே தேடுவது லாபம். பல் எண்ணிக்கை கட்டாயம் ஒத்துப்போகணும்: கிரவுன் 41, பினியன் 11 பல் என்றால் விகிதம் 3.73. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்னும் பின்னும் விகிதம் வேறானால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) போய்விடும். அகலம், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடைவெளி, பிரேக் வகையும் பாருங்கள். மாட்டும் முன்பே சீல்களை மாற்றிவிடுங்கள். ஆக்சிலை ஸ்பிரிங் பட்டையோடு இறுக்கும் பழைய யூ போல்ட்டை மட்டும் திரும்பப் போடாதீர்கள்.