கேள்வி-பதில்: ஒரே ஒரு துறைமுகத்தை ஆள எவ்வளவு செலவு?

ஒரு நாட்டை ஆண்டு நடத்தும் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ கணினி கேமில் ரகூசா (இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக்) மாதிரி சின்ன வணிக நாட்டை ஆட ஆசை. எல்லா டிஎல்சியும் (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) சேர்ந்த பண்டிலை வாங்கிவிடலாமா?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

வேண்டாம் தம்பி. இது என் நெடுநாள் ஆதங்கம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2013-இல் வந்த கேம் இது. அப்புறம் பத்தாண்டுக்கு மேல் அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். படை வீரர்களுக்குப் புது உடுப்பு, புதுப் பாட்டு என்று விற்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் 2015-இல் ‘காமன் சென்ஸ்’ வந்தபோது, மாகாணத்தை வளர்க்கும் வசதியையே அந்த டிஎல்சிக்குள் பூட்டினார்கள். பெரிய நாட்டை ஆடுபவர் அது இல்லாமலும் பக்கத்து நாட்டைப் பிடித்துச் சமாளிக்கலாம். 1444 நவம்பர் 11 அன்று ஒரே மாகாணத்தோடு தொடங்கும் ரகூசா என்ன செய்யும்? ஒரு பக்கம் ஒட்டோமான், கடலில் வெனிஸ். இருக்கிற ஊரை வளர்ப்பதும் வியாபாரமும்தான் அதற்குப் பிழைப்பு. ஆக, சின்ன நாட்டை விரும்பியவர் தலையில்தான் கூடுதல் செலவு விழுந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஓடுவதற்குத் தேவையானதைத் தனியாக விற்பது அநியாயம்.

முதலில் அடிப்படை கேமை மட்டும் தள்ளுபடியில் வாங்குங்கள். இப்போது அதோடு எந்த டிஎல்சி சேர்ந்தே வருகிறது என்று கடைப் பக்கத்தில் பாருங்கள். லைட் ஷிப்களை வணிகக் காவலுக்கு அனுப்புவது, ரகூசா வழியாக வெனிஸுக்குப் போகிற சரக்கில் உங்கள் பங்கைப் பிடிப்பது எல்லாம் அடிப்படையிலேயே உண்டு. ஐம்பது மணி நேரம் ஆடியும் ஆசை தீரவில்லையா, ‘வெல்த் ஆஃப் நேஷன்ஸ்’ ஒன்றை வாங்குங்கள். எதிரியின் வணிகத்தில் கடற்கொள்ளைக் கப்பலை விடுவது, சூயஸ் கால்வாய் வெட்டுவது எல்லாம் அதில்தான். நண்பர்களோடு இணையத்தில் ஆடினால், அந்த ஆட்டத்தை நடத்துபவரிடம் இருக்கும் டிஎல்சியே எல்லோருக்கும் போதும்.

கேம் பிடிக்கவில்லை. 40 மணி நேரம் ஆடிவிட்டேன். ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் பணம் திரும்புமா?
– வாசகர், சூரமங்கலம்

திரும்பாது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் தருவார்கள். வாங்கும்போதே படித்திருக்க வேண்டும்.

டெலிகிராமில் ஒருவர் பாதி விலைக்கு ஸ்டீம் அக்கவுண்டே கொடுத்தார். பத்து நாளில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். 900 ரூபாய் போச்சு. வீட்டில் சொல்லவும் பயம்.
– பிளஸ் 2 மாணவர், அம்மாப்பேட்டை

பயப்படாதீர்கள், தப்பு செய்தது அந்த ஆள். இன்றே வீட்டில் சொல்லிவிட்டு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். டெலிகிராமில் அவரோடு பேசிய செய்திகளை அழிக்க வேண்டாம். யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தொகை சின்னது என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். அக்கவுண்ட் விற்பதை ஸ்டீம் அனுமதிப்பதே இல்லை, அதனால் அங்கே முறையிட்டுப் பயன் குறைவு.

மகன் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ கேமுக்காக லேப்டாப் கேட்கிறான். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 90 ஆயிரம் ரூபாய் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறார்கள். ஏற்காட்டில் மழை வந்தால் நெட்டும் போய்விடும்.
– காபித் தோட்டக்காரர், ஏற்காடு

நான்காம் பாகத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. நூற்றுக்கணக்கான நாடுகளின் கணக்கைப் போடுவது பிராசசர்தான், அதனால் அது நல்லதாக இருக்கட்டும். விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகம் கனமானது. பையன் கேட்பது எது என்று அவனிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். சேலத்திலேயே டவுன்லோடு செய்து ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால், மேலே ஏற்காட்டில் நெட் இல்லாதபோதும் ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்துத் தனியாக ஆடலாம்.

பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். புதுசு என்று எனக்கு ஒரு கடைக்காரர் விற்ற கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் இறக்கையில் தூசி அப்பிக்கிடந்தது, ஒரு திருகின் தலை தேய்ந்திருந்தது. மாற்றித் தர மறுத்தார். பில் கையில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் இல்லாமல் ஐந்நூறு குறைக்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த கேமின் பழைய ஒரிஜினல் டிவிடி வாங்கலாமா?
– வாசகி, ஆத்தூர்

கூடாது. கேமைத் திறக்கும் கீ (ரகசிய எண்) ஏற்கெனவே வேறொருவர் ஸ்டீம் அக்கவுண்டில் ஏறியிருக்கும்.