போனஸ் பணத்தில் ரப்பர் படகா, கயாக்கா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 41 வயது. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் டெக்னீஷியனாக ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். தெம்பனிஸில் நாலறை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். கார் கிடையாது. மாதச் செலவு 3,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிறது. வங்கியில் 8,000 வெள்ளி இருக்கிறது. இந்த மாதம் போனஸாக 3,000 வெள்ளி கையில் வரும். சின்ன வயதிலிருந்தே தூண்டில் பைத்தியம் எனக்கு. இப்போது 11 வயது மகனுக்கும் அது தொற்றிக்கொண்டது. கரையில் நின்று போட்டது போதும், கொஞ்சம் உள்ளே போய்ப் போடலாம் என்று இருவருக்கும் ஆசை. ஒரு கடையில் காற்றடைக்கும் ரப்பர் படகு, எலக்ட்ரிக் மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 1,900 வெள்ளி சொல்கிறார்கள். மாதம் 175 வெள்ளி வீதம் 12 மாதத் தவணையிலும் தருவார்களாம். இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக் (துடுப்பு போடும் ஒல்லியான படகு) 1,600 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதை வைக்கக் கடலோரத்தில் இடம் பிடித்தால் மாதம் 60 வெள்ளி என்கிறார் நண்பர். பாசிர் ரிஸ் பக்கம் இரட்டைக் கயாக் அரை நாள் வாடகை 50 வெள்ளி, தூண்டில் போடவும் விடுகிறார்கள். மனைவி இதெல்லாம் வீண் செலவு என்கிறார். எதை வாங்கினால் நஷ்டம் குறைவு?

பதில்: முதலில் உங்கள் மனைவியிடம் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். 11 வயதுப் பையன் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவோடு அரை நாள் தண்ணீரில் உட்காரத் தயாராக இருக்கிறான் என்றால், அதற்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவே இல்லை. இன்னும் மூன்று, நான்கு வருடம் போனால் அவன் கூப்பிட்டாலும் வரமாட்டான். அதனால் “செலவு செய்யலாமா” என்று நான் யோசிக்கவில்லை. எவ்வளவு, எதன் மேல், எப்போது என்பதைத்தான் பார்க்கிறேன்.

கடைக்காரர் சொன்ன 1,900, 1,600 இரண்டையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். இந்த மாதிரிப் பொருளுக்கு நான் கேட்கும் கணக்கு ஒன்றுதான்: ஒரு தடவை கடலில் இறங்கி ஏற எனக்கு எவ்வளவு ஆகிறது?

அதற்கு வருடத்தில் எத்தனை தடவை போவீர்கள் என்று தெரிய வேண்டும். மாதம் இரண்டு, ஆக 24 என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். நாள்காட்டியை எடுத்து வையுங்கள். டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும். வருட நடுவில் விடியற்காலையில் சுமத்ரா புயல்காற்று வந்து வானத்தைக் கறுப்பாக்கிவிடும். இடி கேட்டால் கயாக்கில் இருக்கவே கூடாது. உங்கள் ஷிஃப்ட் இருக்கிறது. நீரோட்டம் சரியாக இருக்கும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பையனுக்குத் தேர்வு, தீபாவளி, உறவினர் கல்யாணம். எல்லாம் கழித்தால் 14 தடவை போனாலே நல்ல வருடம். மூன்று வருடத்துக்கு 42.

ரப்பர் படகு 1,900 வெள்ளி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று வருடம் கழித்து 300 வெள்ளிக்கு விற்கலாம் என்று வைப்போம். 1,600 வெள்ளி தேய்மானம், தடவைக்கு 38. படகு, மோட்டார், பேட்டரி, பம்ப், பையன் என்று எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது, பெரிய டாக்சி வேண்டும். போக வர 25 வெள்ளி வைத்தால் தடவைக்கு 63.

பிளாஸ்டிக் கயாக் விலை குறைவாகத் தெரிகிறது. மூன்று வருடம் கழித்து 700 வெள்ளிக்கு விற்றாலும் 900 தேய்மானம். ஆனால் வைக்கும் இடத்துக்கு மட்டும் 36 மாதத்தில் 2,160 வெள்ளி. மொத்தம் 3,060, தடவைக்கு 73. பாசிர் ரிஸுக்கு இரண்டு பேர் ரயிலில் போய்வர 4 வெள்ளி சேர்த்தால் 77. வாங்கிய விலையைவிட அதிகமான பணம், அதை வைக்கும் இடத்துக்குப் போகிறது. வீட்டில் வைக்கலாமே என்று தோன்றும். மூன்றரை மீட்டர் நீளக் கயாக் மின்தூக்கிக்குள் நுழையாது. மாடிப்படியில் தூக்கி வந்தாலும் பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும்.

வாடகை? 50 வெள்ளியும் ரயில் கட்டணம் 4-ம் சேர்த்து 54. கழுவ வேண்டாம், சுமக்க வேண்டாம். 14 தடவைக் கணக்கில், நீங்கள் கேட்ட இரண்டையும்விட இது மலிவு. வருடத்துக்கு 19 தடவை போனால்தான் ரப்பர் படகு வாடகையை எட்டிப் பிடிக்கும்.

ரப்பர் படகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒன்று வைத்திருந்தேன். 780 வெள்ளிக்கு வாங்கினேன். ரப்பர் என்று சொன்னாலும் இந்த விலையில் கிடைப்பதெல்லாம் பிவிசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாங்கியிலிருந்து வந்த அசதியில், தண்ணீர் சரியாக வடியாமல் மடித்துப் பையில் போட்டு வீட்டிலுள்ள பாம் ஷெல்டருக்குள் (போர்க்காலப் பாதுகாப்பு அறை) தள்ளிவிட்டேன். அங்கே காற்றோட்டம் ஏது? இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது முதலில் நாற்றம் வந்தது. பிரித்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெதுவாக இழுத்தேன். மோட்டார் மாட்டும் பின்பலகை காற்றுக்குழாயோடு சேரும் இடத்தில், விரல் அகலத்துக்குத் தையல் பட்டை பசையோடு உரிந்து கையில் வந்தது. அதற்கு முன் அந்தப் படகு தண்ணீரைப் பார்த்தது ஐந்தே தடவை. தடவைக்கு 156 வெள்ளி. அந்தப் பணத்தில் மகளோடு எத்தனை சனிக்கிழமை வாடகைக் கயாக்கில் போயிருக்கலாம் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நாலறை வீட்டில் மூன்று மீட்டர் படகை விரித்து நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வைக்க இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே மனைவியோடு நின்று தரையை அளந்து பாருங்கள்.

அப்புறம் மோட்டார். அதை மாட்டியதும் உங்கள் படகு இயந்திரப் படகாகிவிடும். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் படகுக்கும் வேண்டும், ஓட்டுபவருக்கும் வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. பயிற்சி, தேர்வு, உரிமக் கட்டணம் எதுவும் கடைக்காரரின் 1,900-ல் இல்லை. என் 63-லும் நான் சேர்க்கவில்லை. மோட்டார் இல்லாமல் அந்தப் படகை வாங்கலாமா என்றால், வேண்டாம். அகலமாக, உயரமாக மிதப்பதால் காற்று தள்ளும். உபின் தீவுக்கும் சாங்கிக்கும் நடுவில் நீர் இழுக்கும்போது துடுப்பை மட்டும் நம்பிப் பையனோடு போகக் கூடாது. நீர்த்தேக்கத்தில் இறக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். அங்கே கரையில் குறித்துக் கொடுத்த இடங்களில்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரையில்.

தவணையை நான் நேரடியாகவே வேண்டாம் என்கிறேன். 175 பெருக்கல் 12, மொத்தம் 2,100. 200 வெள்ளிதானே அதிகம், பத்தரை விழுக்காடு என்று தோன்றும். ஆனால் முழு 1,900-ஐ நீங்கள் வருடம் முழுக்க வைத்திருப்பதில்லை. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். உண்மையான வட்டி வருடத்துக்குக் கிட்டத்தட்ட 19 விழுக்காடு. கையில் போனஸ் இருக்கும்போது இந்த வட்டிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது உங்கள் 8,000 வெள்ளி. அவசரத் தேவைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள் என்பதுதான் இங்கே தேசிய நிதிக் கல்வித் திட்டமான மணிசென்ஸின் வழிகாட்டியும் சொல்வது. உங்களுக்கு மூன்று மாதம் என்றால் 10,800. இரண்டு பிள்ளைகள், ஒரே சம்பளம் என்றுதான் தெரிகிறது. பட்டறையில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால் அந்த 2,800 வெள்ளிக் குறை முதலில் வீட்டில்தான் தெரியும். உங்கள் மனைவி வீண் செலவு என்று சொன்னது படகை மட்டும் நினைத்து அல்ல என்று எனக்குப் படுகிறது.

ஆகவே 3,000-ல் 2,500 வெள்ளியை சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள். 500-ன் மடங்காக வாங்கலாம். எந்த மாதம் வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் திரும்ப எடுக்கலாம், பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில் கைக்கு வரும். வாங்க 2 வெள்ளி, எடுக்க 2 வெள்ளி கட்டணம். உடனடித் தேவைக்கு வங்கியில் 8,000 இருப்பதால் அந்தக் காத்திருப்பு உங்களைப் பாதிக்காது.

மிச்சம் 500. ஆறு தடவை வாடகைக் கயாக், 324 வெள்ளி. இரண்டு நல்ல உயிர்காப்பு அங்கிகளுக்கு 140 வெள்ளி ஒதுக்குங்கள். வாடகைக்குக் கொடுக்கிறார்கள்தான், ஆனால் பையனுக்குப் பொருந்தும் அளவு எப்போதும் கிடைக்காது. சொந்தமாக இருக்கட்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, போனது எத்தனை மணி நேரம், போக நினைத்துப் போகாதது ஏன், பையன் திரும்பி வரும்போது எப்படி இருந்தான். ஐந்து மாதத்துக்குள் ஆறும் முடிந்தால் உங்கள் 14 நிஜம். அப்போது நீங்கள் என்னிடம் கேட்காத மூன்றாவது ஒன்றைப் பார்க்கலாம்: காற்றடைக்கும் கயாக். மடித்தால் ஒரு பெரிய முதுகுப்பை. இருவர் உட்காருவது, துடுப்பு, பம்ப் எல்லாம் சேர்த்து 850 வெள்ளிக்குள் பார்க்கலாம். 150-க்கு விற்றாலும் 700 தேய்மானம், தடவைக்கு 17. தெம்பனிஸிலிருந்து பாசிர் ரிஸ் ஒரே நிறுத்தம், கைவண்டியில் வைத்து ரயிலிலேயே போகலாம். 21 வெள்ளியில் முடியும். ஒல்லியாக இருப்பதால் ரப்பர் படகைவிடத் துடுப்புக்கு இணங்கும். ஆனாலும் இது கரையை ஒட்டிய பயணத்துக்குத்தான், கப்பல் பாதைப் பக்கம் போகவே கூடாது. தனித்தனிக் காற்றறைகள் இருப்பதையே வாங்குங்கள். கெளுத்தி ஏறினால் மடியில் போடாதீர்கள், அதன் முதுகு முள் பிவிசியைத் துளைத்துவிடும். தடித்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் காலிடுக்கில் வைத்து, மீனை நேராக அதற்குள் இறக்கி, இடுக்கியால் கொக்கியை எடுங்கள். திருக்கை என்றால் கயிற்றை வெட்டி விட்டுவிடுங்கள்.

உங்கள் விபத்துக் காப்புறுதியையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். நீர் விளையாட்டுக்கு விலக்கு எழுதியிருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு தடவையில் ஐந்து மாதம் தாண்டி மூன்றுதான் போக முடிந்தது என்றாலும் கவலை வேண்டாம், வாடகையிலேயே தொடருங்கள்.

அங்கி வாங்கும்போது பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். போட்டு எல்லா வாரையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி அவன் காது வரை ஏறி வந்தால் அது பெரிது. விலை குறைவு என்றாலும் வைத்துவிட்டு, ஒரு அளவு சின்னதைக் கேளுங்கள்.