நெல் இலையில் இவ்வளவு சயனோபாக்டீரியாவா?

கேள்வி: வேளாண் முதுநிலை படிக்கிறேன். நெல் இலைகளை அரைத்து டிஎன்ஏ பிரித்து 16எஸ் (பாக்டீரியாக்களை இனங்காண உதவும் மரபணு) வரிசையாக்கத்துக்கு அனுப்பினேன். பத்தில் ஒன்பது பங்கு சயனோபாக்டீரியா என்று வந்திருக்கிறது. வயலில் அசோலா (சயனோபாக்டீரியாவைத் தன்னுள் வைத்திருக்கும் நீர்ப் பெரணி) இட்டிருந்தோம். அதிலிருந்து வந்ததா?

பதில்: அசோலா காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வந்திருப்பது பெரும்பாலும் நெல்லின் சொந்தப் பசுங்கணிகம்தான் (குளோரோபிளாஸ்ட்). நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட சயனோபாக்டீரியாவின் வாரிசு அது. அதனால் பாக்டீரியாவின் 16எஸ் மரபணு இன்றும் அதனிடம் இருக்கிறது. ஓர் இலைச் செல்லில் பசுங்கணிக டிஎன்ஏ ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கும். இலையை அரைத்தால் அத்தனையும் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் முறை) பெருகி, நுண்ணுயிர்களை மறைத்துவிடும்.

சரிபார்ப்பது சுலபம். முடிவு அட்டவணையில் ஃபைலம் என்ற பெரும்பிரிவோடு நிற்காமல் கீழே இறங்கிப் பாருங்கள். பெயரிடப் பயன்பட்டது சில்வா என்ற 16எஸ் தரவுத்தளம் என்றால், ஆர்டர் என்ற உட்பிரிவுக் கட்டத்தில் 'குளோரோபிளாஸ்ட்' என்றே இருக்கும். ரிக்கெட்சியேல்ஸ் என்ற ஆர்டருக்குக் கீழே 'மைட்டோகாண்ட்ரியா' இருந்தால் அதுவும் நெல்லுடையதே. அசோலாவின் கூட்டாளியான சயனோபாக்டீரியா நாஸ்டாக்கேசியே குடும்பத்தில் வரும்.

குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா இரண்டையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு மாதிரியிலும் எத்தனை தொடர்கள் மிஞ்சுகின்றன என்று எண்ணுங்கள். சில ஆயிரம் இருந்தால் வேலையைத் தொடரலாம். மண்ணைவிட இலையில் இன வகை குறைவு என்பதால் அது போதும். சில நூறுதான் என்றால், அதை வைத்து வயலுக்கு வயல் ஒப்பிடாதீர்கள்.

அடுத்த முறை, உங்கள் கேள்வி இலைப்பரப்பைப் பற்றியது என்றால் அரைக்கவே வேண்டாம். இலையைப் பஃபர் கரைசலில் நன்றாகக் குலுக்கி, அந்த நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். இலைக்குள் வாழ்பவைதான் வேண்டும் என்றால் அரைத்தே ஆக வேண்டும். அப்போது 799எஃப்–1193ஆர் பிரைமர் ஜோடி (பிசிஆரில் எந்தப் பகுதி பெருக வேண்டும் என்று குறிக்கும் குறுந்துண்டுகள்) உதவும். பசுங்கணிகத்தை அது பெரும்பாலும் தவிர்த்துவிடும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பெருகும், ஆனால் ஜெல்லில் சுமார் 800 கார இணை நீளத்தில் தனிப் பட்டையாக நிற்கும். பாக்டீரியாவின் பட்டை சுமார் 400-இல் இருக்கும். அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஒன்று கவனம்: இந்தப் பிரைமர் உண்மையான சயனோபாக்டீரியாவையும் தவறவிடும்.

பசுங்கணிகம் பெருகாமல் தடுக்கும் பிஎன்ஏ (டிஎன்ஏவைப் போன்ற செயற்கை மூலக்கூறு) துண்டுகளும் கிடைக்கின்றன. வாங்கும் முன் நெல்லின் தொடருடன் பொருத்திப் பாருங்கள், ஓரெழுத்து மாறினாலும் பிடிப்பு தளரும். அப்புறம், இலையே போடாத வெற்று மாதிரி ஒன்றையும் டிஎன்ஏ பிரிப்பதிலிருந்து கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். இலை கழுவிய நீர் போன்ற மெலிந்த மாதிரியில் அது பெரிதாகத் தெரியும்.